சின்சினாட்டிக்கு ஒரு பெட்டி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்த ஊரில் எனக்கென்று ஒன்றுமே இல்லை என்று போனில் சொன்னாய். அம்மா அனுப்பும் பார்சலில் பருப்புப் பொடிக்கு அடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஸ்டார் டைம்'. நான்கு சிடி, 71 பாட்டு. 1956இல் வந்த அவருடைய முதல் பாட்டில் தொடங்கி 1984 வரை போகிறது. அந்த முதல் பாட்டு பதிவானதே நீ இருக்கிற சின்சினாட்டியில்தான்.

எவன்ஸ்டன் பகுதியில், பிரூஸ்டர் அவென்யூவில் கிங் ரெக்கார்ட்ஸ் இருந்தது. சிட் நாதன் 1943இல் தொடங்கிய கம்பெனி. பாட்டைப் பதிவு செய்வது, இசைத்தட்டு அச்சிடுவது, உறை போடுவது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அன்றைய அமெரிக்காவில் இது சாதாரணமில்லை. 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' பாட்டு நாதனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சுகிற பாட்டு அது. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது.

பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடாமல் வரிசையாகக் கேள். முதலில் தேவாலயப் பாட்டின் உருக்கத்தோடு பாடும் ஒரு இளைஞன்தான் இருப்பான். 1965க்கு வரும்போது எல்லாம் மாறிவிடும். 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டை வேகத்தைக் கூட்டி, வெட்டிச் சுருக்கித்தான் அப்போது வெளியிட்டார்கள். இந்தப் பெட்டியில் வெட்டாத முழுப் பதிவும் இருக்கிறது, உண்மையான வேகத்தில். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே "இது ஹிட்!" என்று பிரவுன் கத்துகிறார். வட கரோலினாவில், பயணக் களைப்போடு நின்று வாசித்தவர்களின் சத்தம் அது. எனக்கு இந்த நிதானமான பதிவுதான் ஒரு படி மேல். ஜிம்மி நோலனின் கிட்டார் ராகம் பாடுவதை விட்டுவிட்டுத் தாளம் வெட்டுவதை இதில் தெளிவாகக் கேட்கலாம். குழுவில் எல்லா வாத்தியமும் டிரம்ஸாக மாறியது இங்கேதான்.

'கோல்ட் ஸ்வெட்', 1967. இதுவும் உன் ஊர்ப் பதிவுதான். மனதில் ஓடிய தாளத்தை பிரவுன் வாயாலேயே முனகிக் காட்ட, சாக்ஸபோன் வாசிக்கும் பீ வீ எல்லிஸ் அதைப் பிடித்து இசையாக எழுதினார். ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் மொத்தக் குழுவும் வந்து விழுவதைக் கவனி. அந்த அடியை பிரவுன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்புறம் 'ஃபங்கி டிரம்மர்'. 1969 நவம்பர், அதே சின்சினாட்டி. நான் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் என்பதால் இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டிய பிறகு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் மட்டும் வாசிக்கிறார். சோலோவாக வித்தை காட்டாதே, வாசிப்பதையே வாசி என்று பிரவுன் முன்பே சொல்லிவிடுகிறார். அவரும் அப்படியே வாசிக்கிறார். அந்தச் சில நொடிகளைத்தான் பிற்பாடு நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாட்டுகளில் எடுத்துப் போட்டார்கள். சட்டனூகாவில் வளர்ந்தவர், தொழிற்சாலைச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் தாளம் கண்டவர். ஆனால் பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் பிரவுன் பெயர் மட்டும்தான். ஸ்டபிள்ஃபீல்ட் 2017இல் இறக்கும் வரை பெரிய பணம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிரவுன் கடினமான முதலாளி. ஒரு ஸ்வரம் தப்பினால் அபராதம் போடுவார். 1970இல் பெரும்பாலான பழைய ஆட்கள் விலகிப்போனபோது, உடனே ஆள் பிடித்ததும் உன் சின்சினாட்டியில்தான். அப்படி வந்தவர்களில் ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்த பூட்ஸி காலின்ஸ். இருபது வயதுகூட ஆகவில்லை. அவர் வந்த பிறகு பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடும்.

இந்தப் பெட்டி வெளிவந்தது 1991இல். பிரவுன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் அதே ஆண்டுதான். உள்ளே உள்ள சிறு புத்தகத்தைத் தவறாமல் படி. அந்த எழுத்துக்காகவே கிராமி விருது கொடுத்தார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று பெயர் பெயராகப் போட்டிருக்கிறது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு கேள்.

பிரூஸ்டர் அவென்யூ கட்டடம் இன்னும் நிற்கிறது. குளிர் குறைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. அதற்கு முன்னால் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டை ஹெட்ஃபோனில் இரண்டு முறை கேள். இரண்டாவது முறை குரலை விட்டுவிட்டு ஸ்நேர் டிரம்மை மட்டும் பிடி. பலமான அடிகளுக்கு நடுவே மெல்லிய தட்டல்கள் கேட்கும். எத்தனை கேட்டது என்று கூப்பிட்டுச் சொல்லு. இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா