தறி இல்லாத வகுப்பு

அன்புள்ள கயலுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. நெசவு சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் இருக்கும் ஒரே தறியும் ஓடவில்லை என்றாய். போனை வைத்த பிறகும் எனக்கு அதே நினைப்பு. அப்புறம்தான் நெசவுக் கலைஞர் அன்னி ஆல்பர்ஸ் ஞாபகத்துக்கு வந்தார்.

1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்த அவர் ஆசைப்பட்டது கண்ணாடிப் பட்டறைக்கு. பெண்களை அங்கே பெரும்பாலும் நெசவுப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அரைமனதாகத்தான் போனார், நூல் அவரைப் பிடித்துக்கொண்டது. பட்டயத்துக்காக ஓர் அரங்கத்துக்குத் துணி நெய்தார். அதன் ஒரு பக்கம் சத்தத்தை உறிஞ்சும். மறுபக்கம் செலோபேன் என்ற பளபளப்பான கண்ணாடித்தாள் கலந்து நெய்ததால் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் கணவருடன் அமெரிக்கா போய், வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரை கற்பித்தார். அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாணவர்களுக்கு அவர் இடுப்புத் தறி கற்றுக்கொடுத்தார். இரண்டு குச்சிகளுக்கு நடுவே பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்கள். ஒரு குச்சியை மரத்திலோ தூணிலோ கட்ட வேண்டும். இன்னொன்றை ஒரு பட்டையால் இடுப்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் தறி. நான் ஒருமுறை ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தேன். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்தாலே தொய்கிறது. நாம் மூச்சு விடுவதுகூட நூலுக்குத் தெரிகிறது. பெரிய தறியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தும் பாவின் இழுப்பு எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

பழங்காலப் பெரு நாட்டில் இப்படித்தான் அந்த அற்புதமான துணிகளை நெய்தார்கள். 1965இல் வந்த தன் நெசவுப் புத்தகத்தை ஆல்பர்ஸ் அந்த நெசவாளர்களுக்கே, தன் ஆசான்கள் என்று சொல்லி, காணிக்கையாக்கினார். நூலே இல்லாமலும் பயிற்சி உண்டு அவரிடம்: மக்காச்சோள மணி, புல், தட்டச்சு எழுத்து இவற்றை வரிசையாக அடுக்கித் துணியின் மேல்பரப்பைப் போலத் தோன்றச் செய்வது. உன் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

தறியைப் பழுதுபார்க்க எழுதிக் கொடு, அது வரும்போது வரட்டும். திங்கட்கிழமை ஆளுக்கு இரண்டு குச்சி கொண்டுவரச் சொல். முனையை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நூல் சிக்கும். முதல் நாள் யார் எவ்வளவு நெய்தார்கள் என்று ராத்திரி போன் செய்து சொல்.

அன்புடன்,
அம்மா