மாப்ளைக்கு, சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி

மாப்ள,

ஆறு மாசமா ஒரு வரி எழுதல. திட்டிக்கோ. மண்டபத்துல எல்லாரும் சுகம். விஷயத்துக்கு வாரேன்.

கோல்ட் ஸ்டோரேஜ் சூப்பர்வைசர் வேலைக்கு வந்த 300 பயோடேட்டாவையும் சலிக்க சாஃப்ட்வேர் வாங்கப்போறியாமே. "மெஷினுக்குச் சாதி, மதம் தெரியாது"ன்னு வேற எழுதியிருக்கே. அடப்பாவி, நீ இதுவரைக்கும் யார் யாரை எடுத்தேன்னு அதுக்குத் தெரியுமே! அமேசான் 2014-ல இப்படி ஒண்ணைச் செஞ்சு, பத்து வருஷத்து விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்குனாங்க. அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க. 'பெண்கள் செஸ் அணி'ங்கிற மாதிரி வார்த்தை கண்ணுல பட்டாலே மார்க்கைக் குறைச்சுச்சு. கடைசியில மூடிட்டாங்க. பேரை மறைச்சாலும் பள்ளிக்கூடமும் தெருவும் ஆளைக் காட்டிக் குடுத்துரும். 'சர்நேம்' கட்டத்துல நம்ம பிள்ளைக இனிஷியல் போட்டா தள்ளுதான்னு முதல்ல பாரு.

வாங்கித்தான் தீருவேன்னா, தாடி வாத்தியார் கணக்கு ஒண்ணு போடு. 60 ஆம்பளையில 30 பேர் தேறுனா 50 சதவீதம். 40 பொம்பளையில 12 பேர்னா 30. முப்பதை அம்பதால வகுத்தா 0.6. அமெரிக்காவுல 1978-ல அரசாங்கம் போட்ட வழிகாட்டு முறை, 0.8-க்குக் கீழ போனாலே சந்தேகப்படச் சொல்லுச்சு.

அதுக்காக, "ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சிரும்"னு கிளம்பிராதே. 2022-ல சாக்கெட்ங்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியரோட குழு, ஆள் எடுக்குற முறைகளைப் பத்தின பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் பார்த்துச்சு. பின்னாடி வேலை செய்யிற லட்சணத்தோட, வாய்க்கு வந்தபடி கேக்குற இன்டர்வியூவுக்கு இருக்கிற தொடர்பு 0.19 (சம்பந்தமே இல்லேன்னா 0, முழுசாப் பொருந்துனா 1). எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க் முறைன்னா 0.42. அதுவும் ஒண்ணும் ஜோசியம் இல்ல, ஆனா ரெண்டு மடங்குக்கு மேல.

செய்யவேண்டியது இதுதான். அஞ்சு கேள்வி, எல்லாருக்கும் அதே வரிசை. எந்தப் பதிலுக்கு 1, எதுக்கு 5-னு முன்னாடியே எழுதி வை. ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போட்டு முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தா குரல் பெரிய ஆளோட மார்க்தான் ரெண்டு தாள்லயும் இருக்கும்.

அப்புறம் கோல்ட் ஸ்டோரேஜ் டெம்பரேச்சர் எழுதுற தாள் ஒண்ணுல ரெண்டு தப்பை ஒளிச்சு வச்சு, கண்டுபிடிக்க 20 நிமிஷம் குடு. நடுராத்திரி மைனஸ் 18 மைனஸ் 11 ஆனது ஒரு தப்பு. எட்டு மணிநேரத்துக்கும் பிசிறில்லாம ஒரே எண், ஒரே பேனா, ஒரே மூச்சுல எழுதுனது இன்னொண்ணு. முதல் தப்பை எல்லாரும் பிடிப்பாங்க. ரெண்டாவதைப் பிடிக்கிறவன்தான் உனக்கு வேணும்.

உன் மச்சினன் பயோடேட்டாவும் அந்த 300-ல கிடக்காமே? அவருக்கும் அதே தாள்தான். மார்க் போட மட்டும் நீ உக்காராதே.

உன்
மாப்ள