தலைவலியை மறைக்காதே, ஜெரோம்

தங்கச்சிமடம்

அன்பு மகன் ஜெரோமுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பின வீடியோவை அப்பா கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டார். நம்ம தீவுப் பையன் பஞ்சாபில் ரெஸ்லிங் ரிங்கில் நிற்கிறான் என்றால் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பெருமைதான் ஐயா. ஆனால் நான் பார்த்தது வேறு. உன்னைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்கள். முதலில் தாடையை நெஞ்சோடு ஒட்டி, இரண்டு கையாலும் பலகையை அறைந்து, முதுகு பரப்பி ஒழுங்காகத்தான் விழுகிறாய். போகப்போகக் களைத்துவிட்டாய். கடைசித் தடவை தாடை தளர்ந்து, பின்மண்டை ‘டக்’கென்று பட்டு எம்பியது. எழுந்தவன் எந்த மூலைக்குப் போவதென்று தெரியாமல் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாய். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ராத்திரி போனில், “லேசா தலைவலிம்மா, மாத்திரை போட்டுட்டேன், காலையில பிராக்டிஸ் இருக்கு” என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய்.

“எல்லாம் பேசி வச்ச ஆட்டம்தானே மதினி” என்கிறார் உன் சித்தப்பா. யார் ஜெயிப்பது என்பதைப் பேசி வைக்கலாம். விழுவது நிஜம். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், கான்வாஸ். இவ்வளவுதானே நீங்கள் விழுகிற இடம்?

மண்டை உடையவில்லை, ரத்தம் வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அது சரியில்லை. மூளை மண்டைக்குள் நீரில் மிதக்கிறது. வல்லம் மணல்திட்டில் முட்டி நின்றாலும் உள்ளே நிற்கிறவன் முன்னால் சாய்கிறான் இல்லையா, அதே கதைதான். தலை சுழன்று சடாரென நிற்கும்போது மூளைக்குள் இருக்கிற நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக்கசிவையும் காட்டும். இழுபட்ட இழையைப் பெரும்பாலும் காட்டாது.

விசைப்படகில் வின்ச் கயிறு தெறித்துத் தலையில் பட்ட ஒருவரை ஒருநாள் கூட்டிவந்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. காயமும் இல்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “படகு கரைக்கு வந்துருச்சா?” என்று மனைவியிடம் கேட்டார். மனைவி பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி, அதே குரலில். அவருக்கு அது முதல் அடி. ஓய்வெடுத்துத் தேறிவிட்டார். தேறுவதற்கு முன்பே இரண்டாவது அடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் பயம்.

2001-இல் கலிபோர்னியாவில் பிரையன் ஓங் என்ற பையன் உன்னைப் போலவே ரெஸ்லிங் கற்றுக்கொண்டிருந்தான். பயிற்சியில் ஏற்கனவே மூளை அதிர்ச்சி பட்டவன். அது ஆறும் முன்பே மறுபடி ரிங்கில் இறங்கி, விழுந்த விழுகையில் தலையில் அடிபட்டு இறந்துபோனான். அவன் மேடை ஏறி ஆடக்கூட இல்லை. பிராக்டிஸ்தான்.

அடுத்தது, வருஷக்கணக்கில் சேர்ந்து வருகிற சேதம். இதைச் சொல்லும்போது எல்லோரும் நாற்காலி அடியைத்தான் பேசுகிறார்கள். நாற்காலி அடி மோசம்தான், பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யே 2010-இல் நாற்காலியால் தலையில் அடிப்பதைத் தடை செய்தது. ஆனால் மயக்கமோ தலைசுற்றலோ தராத சின்னச் சின்ன அடிகளும் கணக்கில் சேர்கின்றன. ‘பம்ப்’ என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு விழுகையிலும் தலை குலுங்குகிறது. ஒரு ராத்திரிக்கு எத்தனை, வாரத்துக்கு எத்தனை ராத்திரி, நீயே எண்ணிப் பார். குத்துச்சண்டைக்காரர்களிடம் இதைக் கண்டு மார்ட்லாண்ட் என்ற டாக்டர் 1928-லேயே எழுதிவிட்டார். இப்போது இதற்கு சி.டி.ஈ. என்று பெயர். மூளையின் மடிப்புகளின் ஆழத்தில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி, டவ் என்ற புரதம் கட்டியாகப் படிகிறது. பிறகு மறதி, காரணமில்லாத கோபம், மனச்சோர்வு. அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் யாருக்கு வந்திருக்கிறது என்று உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய வழியில்லை, இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கிறிஸ் பென்வாவை உனக்குத் தெரியும், சின்ன வயதில் அவன் படம் போட்ட சீட்டு வைத்து விளையாடினாய். கயிற்றின் மேல் ஏறிப் பாய்ந்து தலையாலேயே இடிப்பது அவனுடைய ஆட்டம். 2007 ஜூனில் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். நாற்பது வயது மூளை, எண்பதைத் தாண்டிய அல்சைமர் நோயாளியின் மூளை போல இருந்தது என்று ஆராய்ந்த டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் கொடுமைக்கு அது ஒன்றே காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் கழித்து, 2009-இல், டெஸ்ட் என்ற பெயரில் ஆடிய ஆண்ட்ரூ மார்ட்டின் இறந்தபோது வயது 33. அவர் மூளையிலும் சி.டி.ஈ. இருந்தது.

ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் கிறிஸ் நொவின்ஸ்கி. ஹார்வர்டில் படித்து ரெஸ்லிங்குக்கு வந்தவர். 2003-இல் தலையில் உதை வாங்கி, தலைவலியை வாரக்கணக்கில் மறைத்து ஆடினார். அதோடு ரிங் வாழ்க்கை முடிந்தது. பிறகு அவரே தலைக்காயத்தை ஆராய ஒரு அமைப்பு தொடங்கி, பென்வாவின் மூளையை ஆராயக் குடும்பத்திடம் அனுமதி வாங்கினார். மறைத்ததற்கு என்ன விலை என்று தெரிந்தவர் அவர்.

மாத்திரை விஷயமும் அதுதான் ராசா. வலிமாத்திரை வலியை அமுக்கும், காயத்தை ஆற்றாது. வலி தெரியாததால் தைரியமாக அடுத்த நாள் விழுகிறாய்.

விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டவள், ஆபத்தே இல்லாத தொழில் செய் என்று கேட்க மாட்டேன். தலைவலி, வெளிச்சம் கூசுவது, தூக்கம் கெடுவது எல்லாம் முழுக்கப் போகும்வரை ரிங்கில் இறங்காதே. அதற்குப் பிறகும் டாக்டர் சொன்னால்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. களைத்த பிறகு ஒரு பம்ப் கூட வேண்டாம். தலையில் நாற்காலி வாங்கச் சொன்னால் முடியாது என்று சொல். வாய்ப்பு போனால் போகட்டும். வாந்தி வந்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சுக் குழறினாலோ எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் அறையில் இருக்கிற பையனிடமும் இதைச் சொல்லி வை, உனக்கே தெரியாமல் போகலாம்.

சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? நாலு நாள் முன்னாலேயே வா. மதுரையில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைக்கிறேன். இதுவரை எப்போதெல்லாம் தலையில் அடிபட்டது, எத்தனை நாள் வலித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வா. அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பதையும் சேர்த்து எழுது. டாக்டரிடம் நான் மட்டும்தான் உன்கூட வருவேன்.

அன்புடன்,
அம்மா