பிஸ்கோவும் சம்பந்தியும்

லிமா,
18.11.2025

அன்புள்ள சண்முகம்,

இங்கே நலம். உன் நலமும் தங்கச்சி, பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். தீபாவளி வாழ்த்துக்குப் பதில் போடாததற்கு நீ எழுதப்போகும் வசவுகளை மனத்தளவில் பெற்றுக்கொண்டேன், தாளை வீணாக்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? ஆறுமுகம் இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விற்கமாட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். கயலுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. பையன் பெயர் மத்தியாஸ், சுரங்கப் பொறியாளன். நல்ல பிள்ளை, ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறான். ஒரே சிக்கல், சிலிக்காரன். நிச்சயதார்த்தம் பிப்ரவரி 7, சனிக்கிழமை. நாள் குறித்தது எங்கள் ஊர் ஜோசியர். தேய்பிறையானாலும் பாதகமில்லை என்றாராம். பெருவில் பிப்ரவரி முதல் சனிக்கிழமை பிஸ்கோ சவர் தினம், அதாவது பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயத்தில் கலக்கும் பானத்துக்கான நாள் என்பது அவர் பஞ்சாங்கத்தில் எப்படி இருக்கும்?

சம்பந்தி வீட்டார் சிலியின் லா செரேனாவிலிருந்து வருகிறார்கள். சம்பந்தியின் தம்பி எல்கிப் பள்ளத்தாக்கில் மஸ்கட் திராட்சை பயிரிட்டு, பிஸ்கோ வடிக்கும் கூட்டுறவுக்குக் கொடுப்பவர். சொந்தத் திராட்சையில் வடித்ததைக் கையோடு கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். விருந்துக்குப் பானம் கலக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் எங்கள் கீழ்வீட்டு சென்யோராவிடம் (இங்கே அம்மாளை அப்படித்தான் அழைப்பார்கள்) இதைச் சொன்னேன். "சிலியிலிருந்து பிஸ்கோவா? அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. திராட்சைச் சாராயம் என்று எழுதி ஒட்டிக்கொண்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவர் கலக்குவதை நீ பார்க்க வேண்டும். பிஸ்கோ மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு ஒரு பங்கு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. இங்கே எலுமிச்சை நம் ஊர்க் காய் அளவுதான். அதையும் ஒட்டப் பிழிய விடமாட்டார், தோலின் கசப்பு இறங்கிவிடுமாம். முதலில் ஐஸ் போடாமல் கை ஓயக் குலுக்குவார். வெள்ளைக்கரு நுரைத்த பிறகுதான் ஐஸ். பாத்திரத்தின் வெளிப்பக்கம் பனி பூக்கும்வரை மறுபடி குலுக்கி வடித்தால், மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். அதன்மேல் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புத் திரவம் மூன்று சொட்டு. பழுப்பாக நுரையில் பரவும் அந்தச் சொட்டுகள் அலங்காரம் மட்டுமல்ல, முட்டை வாடையை அடக்கும் மருந்தும் அதுதான். மத்தியாஸ் வீட்டில் முட்டையும் இல்லை, பிட்டர்ஸும் இல்லை. பிகா என்ற பாலைவனச் சோலையில் விளையும் எலுமிச்சை, பொடித்த சர்க்கரை, அவ்வளவுதான். பச்சை முட்டை என்றதும் என் மனைவியும் சிலிக் கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

நீ வக்கீல், கேள். பிஸ்கோ பெருவின் துறைமுகம். இக்கா வட்டாரத்துச் சரக்கு அங்கிருந்துதான் கப்பல் ஏறியது, பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெருவின் விதி கண்டிப்பானது: ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கக் கூடாது, மரப்பீப்பாயில் வைக்கக் கூடாது. சிலியில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. ஆனால் சட்டத்தில் முந்திக்கொண்டது சிலி. 1931இலேயே பிஸ்கோ என்ற பெயரைத் தன் இரண்டு மாகாணங்களுக்கு எழுதிவைத்துவிட்டது. பெரு விழித்துக்கொண்டது 1990 வாக்கில். சிலிக்காரர்கள் அதோடு விட்டார்களா? 1936இல் லா உனியோன் என்ற கிராமத்தின் பெயரையே பிஸ்கோ எல்கி என்று மாற்றினார்கள். பஞ்சாமிர்தம் விற்பதற்காக ஒரு கிராமத்துக்குப் பழனி என்று பெயர் வைத்த கதை! அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன் என்று சென்யோராவிடம் சொல்லிவிடாதே.

கலந்த பானத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1916இல் லிமாவில் மாரிஸ் என்ற அமெரிக்கர் மதுக்கடை திறந்தார். பிஸ்கோ சவர் அங்கேதான் பிறந்தது என்பது இங்கத்துப் பெருமை. அவருடைய சொந்த ஊர் சால்ட் லேக் சிட்டி, மதுவையே தொடாத மார்மன்கள் உருவாக்கிய நகரம்! அவருக்கு முன்பே, 1903இல் அச்சான லிமா சமையல் புத்தகம் ஒன்றில் ஏறக்குறைய இதே கலவை இருக்கிறது. சிலிக்காரர்கள், 1872இல் இகீகேயில் ஒரு ஆங்கிலேயக் கப்பல் பணியாளர் இதைக் கலந்தார் என்பார்கள். பழைய பத்திரிகையைத் தேடிப் பார்த்தவர்கள், அவர் கலந்தது விஸ்கி என்கிறார்கள். அப்படியே பிஸ்கோவாக இருந்தாலும் அன்றைக்கு இகீகே பெருவின் ஊர்.

சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது, சண்முகம். 1879இல் சிலியோடு தொடங்கிய போரில் பெருவுக்கு இகீகே போயிற்று, அரிக்கா போயிற்று, அந்த எலுமிச்சை விளையும் பிகாவும் போயிற்று. 1881 ஜனவரியில் சிலிப் படை லிமாவுக்குள் வந்து, தேசிய நூலகத்தின் புத்தகங்களைக்கூட அள்ளிக்கொண்டு போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை 2007இல்தான் திரும்பி வந்தன. சென்யோராவின் கொள்ளுப்பாட்டனார் மிராஃப்ளோரஸ் சண்டையில் இறந்தவர். நாங்கள் குடியிருக்கும் பேட்டையே அதுதான். கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு "வெறும் சாராயம்தானே அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வழக்கு உன் வீட்டுக்குப் பக்கத்துக் கிண்டிக்கு வந்தது உனக்குத் தெரியுமா? அங்கே இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பெரு 2005இல் விண்ணப்பித்தது. 'பெருவியன் பிஸ்கோ' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடைமொழியைப் பெரு ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் 2018இல் வெறும் 'பிஸ்கோ' கிடைத்தது. சிலி உற்பத்தியாளர்கள் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக, இந்த ஜூலையில் மறுபடியும் 'பெருவியன் பிஸ்கோ'. தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. துறைமுகம் பெருவுடையது, சந்தேகமில்லை. ஆனால் எல்கிக்காரனும் தலைமுறை தலைமுறையாக அதே பெயரில் வடித்திருக்கிறானே, அவனை எங்கே போகச் சொல்வது? நீ முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டு எழுது. சென்யோராவிடம் நீதிமன்றத்தின் பெயரைச் சொன்னால் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

பானகம் கொடுத்துவிடலாம் என்கிறாள் மனைவி. அது நழுவுகிற வேலை. இரண்டு பாட்டிலும் லேபிளோடு மேசையில் இருக்கட்டும், அவரவர் முறைப்படி அவரவர் கலக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சென்யோராவுக்கும் சம்பந்தியின் தம்பிக்கும் நடுவில் உட்கார ஒரு ஆள் வேண்டும். குடிக்காதவனாகவும் இருக்க வேண்டும், வாயாடியாகவும் இருக்க வேண்டும். அந்தத் தகுதி நம் கூட்டத்தில் உனக்குத்தான் உண்டு.

பிப்ரவரி 4க்குள் வந்து சேருவதுபோல் இருவருக்கும் டிக்கெட் போடு. நேர் விமானம் கிடையாது, வழியில் மாறித்தான் வர வேண்டும். தாம்பூலத்துக்குக் கொட்டைப்பாக்கும் விரலி மஞ்சளும் தங்கச்சி எடுத்துவரட்டும். ஆறுமுகத்திடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ சொன்னால் அவனும் கிளம்பிவிடுவான்.

அன்புடன்,
ராஜாமணி