பொருள்: பிரெஞ்சு மரை கொண்ட என் சைக்கிள் ஃபிரேமில் இங்கிலீஷ் மரைக் கப்பை முறுக்கிப் பாழாக்கியது குறித்துப் புகார்

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஹெல்ப்லைனில் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். அங்கே கேட்டால் ஒர்க்‌ஷாப்பைக் கேளுங்கள் என்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் ஆன்லைன் டீம்தான் பதில் சொல்லணும் என்கிறார்கள். ஆன்லைன் டீமுக்கு மெயில் போட்டால் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று தானாக ஒரு பதில் வந்து டிக்கெட் மூடிக்கொள்கிறது. எது தீர்ந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

உங்கள் ரோடு அப்கிரேடு பேக்கேஜைத்தான் வாங்கினேன். அந்த சில்வர் ரிம் பிரேக் வீல்செட், 10 ஸ்பீடு கேசட் (பின் பற்சக்கரத் தொகுதி), காம்பாக்ட் கிராங்க், பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் அச்சுத் தொகுதி), டீரெய்லர் (கியர் மாற்றும் கருவி), ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்து ரூ.38,500. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

வண்டி, 1970களில் வந்த பெஜோ பிஎக்ஸ்-10. ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாய். என் தாய்மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்றபோது அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை பசை போட்டு ரிம்மில் ஒட்டும் ட்யூபுலர் டயர்கள். பஞ்சர் ஆனால் தையலைப் பிரித்து ஒட்டி மறுபடி தைக்க வேண்டும். பாண்டியில் அதைச் செய்ய ஆள் இல்லை. சாதாரண 700சி டயர் போடும் சக்கரம் வேண்டும் என்பதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். ரிம் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பழைய மாஃபாக் பிரேக்கே பிடிக்கும். ஆக, இது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. ஸ்டீல் ஃபிரேமில் இதை உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

பணம் கட்டும் முன்பே வெர்னியர் வைத்து அளந்து மெயில் அனுப்பினேன். பின் டிராப்-அவுட் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) இரண்டுக்கும் இடைவெளி 120 மி.மீ., உங்கள் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 130 மி.மீ., எனவே பின் குழாய்களைப் பக்கத்துக்கு 5 மி.மீ. முறையாக விரிக்க வேண்டும் என்று எழுதினேன். ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட் உட்காரும் குழாயான ஷெல் பிரெஞ்சு மரை, 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி, இரண்டு பக்கமும் வலது மரை என்றும் எழுதினேன். அதற்கு உங்கள் ஆட்களின் பதில் ஒரே வரி: "கம்பாட்டிபிள் சார், ஃபிட்டிங் எங்கள் பொறுப்பு." அந்த மெயிலை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் பேக்கேஜில் எந்த பாட்டம் பிராக்கெட் வருகிறது என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அது இங்கிலீஷ் மரை. 1.37 அங்குலம், அதாவது சுமார் 34.8 மி.மீ. பார்வைக்கு 35-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் வகையில் வலது பக்கக் கப்புக்கு (ஷெல்லில் முறுக்கி ஏற்றும் வளையத்துக்கு) இடது மரை. அதை வலது மரை ஷெல்லில் எதிர்த்திசையில் முறுக்கினால் இருக்கிற மரையை அறுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பையனுக்கும் இது தெரியும்.

நடந்தது அதுதான். பழைய வலது கப்பைக் கழற்ற, இங்கிலீஷ் கப் என்று நினைத்துக்கொண்டு, இறுக்கும் பக்கமாகவே ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகித் திருகியிருக்கிறார்கள். அது அசையவில்லை என்றதும் ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உளி வைத்துத் தட்டி எடுத்திருக்கிறார்கள், ஷெல் விளிம்பில் உளி பட்ட வடு இருக்கிறது. பிறகு உங்கள் கப்பை அந்த ஓட்டையில் முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். இப்போது விரலை உள்ளே விட்டுத் தடவினால் மரை வரிசையே இல்லை. சுருள் சுருளாக இரும்புச் சீவல் கையோடு வருகிறது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. "உங்கள் சைக்கிள் தயார், பெற்றுக்கொள்ளவும்" என்று மெசேஜ் அனுப்பியது நீங்கள். விடியற்காலை பஸ் பிடித்து ஈசிஆர் வழியாகச் சென்னை வந்தேன். ஒர்க்‌ஷாப் பாதி ஷட்டர். ஸ்டாக் எடுக்கிறோம், திங்கட்கிழமை வாங்க என்றார் வாசலில் இருந்தவர். மெசேஜைக் காட்டிக் கெஞ்சிய பிறகு உள்ளே விட்டார்கள். என் ஃபிரேம் மூலையில், பழைய டயர் குவியலுக்கு அடியில், மேல் குழாயில் கேபிள் டை கட்டிக் கிடந்தது. சக்கரம் மாட்டியிருந்தது, ஆனால் கிராங்க் இல்லை. அதைத் தயார் என்றா சொல்வீர்கள்? இந்த அலைச்சலுக்கு யார் கணக்குச் சொல்வது?

அன்றைக்குத்தான் உங்கள் சீனியர் டெக்னீஷியன் அந்த வார்த்தையைச் சொன்னார். மரை போய்விட்டதே என்று கேட்டேன், அவ்வளவுதான். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார், இது ஐம்பது வருஷத்து இரும்பு. காயலான் கடையில் போட்டா கிலோவுக்கு ஏதாவது தருவான். எங்ககிட்ட அலாய் ஃபிரேம் ஆஃபர்ல இருக்கு, பாக்குறீங்களா?" கெடுத்தவரே காயலான் கடைக்குப் போகச் சொல்கிறார்! எத்தனையோ கடைகளில் எத்தனையோ பதில் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மாமா உயிரோடு இருந்து பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பின் சக்கரம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். குழாய்களை அளந்து விரிக்கவே இல்லை. 130 ஹப்பை 120 இடைவெளிக்குள் பலத்தால் அழுத்திச் செருகியிருக்கிறார்கள். ஹேண்டில் நிற்கும் ஹெட் குழாயிலிருந்து இரண்டு டிராப்-அவுட்டுக்கும் நூல் கட்டி, நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை வீட்டில் அளந்து பார்த்தேன். ஒரு பக்கம் 31 மி.மீ., மறுபக்கம் 26. ஃபிரேம் கோணி நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நூல் படும் இடத்தின் போட்டோவும் இணைப்பில் இருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிம்ப்ளெக்ஸ் கம்பெனி டிராப்-அவுட்டில் டீரெய்லர் தொங்கும் ஓட்டைக்கு 10 மி.மீ. மரை போட்ட வேலை சுத்தமாக இருக்கிறது. அதைச் செய்த தம்பியை இதில் இழுக்க வேண்டாம். என் மெயிலை அவரிடம் காட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த நஷ்டத்தை ரூபாயில் சொல்ல முடியாது. டிசம்பரில் 200 கி.மீ. பிரெவே (நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டப் பெயர் கொடுத்திருந்தேன், அதுவும் போயிற்று. இப்படி ஒரு ஃபிரேம் இனி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஆளை இழந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

சரி, என்ன செய்யலாம் என்றும் நானே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தரப்பிலிருந்து யாரும் சொல்லவில்லை. கெட்டுப்போன பிரெஞ்சு ஷெல்லை இத்தாலியன் அளவான 36 மி.மீ.க்குப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதற்கான பாட்டம் பிராக்கெட்டைப் போட முடியும். தெரிந்த ஃபிரேம் பில்டர்கள் செய்யும் வேலை இது. அத்தோடு பின் முக்கோணத்தையும் நேராக்க வேண்டும். இரண்டையும் நான் தேர்ந்தெடுக்கும் ஆளிடம் செய்துகொள்கிறேன், செலவு உங்களுடையது. தயவுசெய்து உங்கள் ஒர்க்‌ஷாப் என் ஃபிரேமை இனித் தொடவே வேண்டாம். பேக்கேஜ் பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். கழற்றிய பழைய கப்புகளும் அச்சும் எங்கே? அவை ஃபிரேமோடு வந்தவை. குப்பையில் போட்டோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த டெக்னீஷியன் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் சமரசம் இல்லை.

உங்களை நம்பித்தான் முதலில் வந்தேன், இப்போதும் பேசித் தீர்க்கவே விரும்புகிறேன். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குச் சொல்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதுச்சேரியிலேயே வழக்குப் போடுவேன். நான் குடியிருக்கும் ஊரில் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. சென்னைக்கு நான் அலைந்தது போதும், இனி உங்கள் ஆள் இங்கே வரட்டும்.

பில், நீங்கள் அனுப்பிய "கம்பாட்டிபிள்" மெயில், ஷெல்லின் உள்பக்க போட்டோக்கள், நூல் கட்டி அளந்த போட்டோ ஆகியவை இணைப்பில் உள்ளன. பதிலைத் தொலைபேசியில் வேண்டாம், எழுத்தில் மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாடிக்கையாளர்
(ஆர்டர் விவரம் பில்லில் உள்ளது)