இரண்டு கார்டாக வாங்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு மதுரையில் வேலை கிடைத்துவிட்டது; சனிக்கிழமைதோறும் வந்து போகிறாள். மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

சரி, நூலகத்துப் பிள்ளைகளுக்காக நீ வைக்கப் போகும் அந்த ராஸ்பெர்ரி பை, அதாவது ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர், அந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் கொடுத்துவிட்டுப் போனது கெட்டுப்போயிருக்குமோ என்று எழுதியிருந்தாய். சிவப்பு விளக்கு எரிகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதானே? அது நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொல்வதைப் பார்த்தால் 2016-இல் வந்த மூன்றாம் மாடல். அதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. போர்டைத் திருப்பிப் பார், அடிப்பக்க ஓரத்தில் தகரம் போர்த்திய ஒரு சின்னப் பொந்து இருக்கும். போனில் போடுகிற மைக்ரோ எஸ்டி கார்டு அதில் போக வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம், பிள்ளைகள் வரையும் படம், வைஃபை பாஸ்வேர்டு எல்லாமே விரல்நகம் அளவுள்ள அந்தக் கார்டில்தான் இருக்கும். கார்டைப் படிக்கும்போது பக்கத்திலேயே ஒரு பச்சை விளக்கு மினுக்கும். உனக்கு அது மினுக்கவில்லை, ஏனென்றால் படிக்க ஒன்றும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாடலின் சிப்புக்குள்ளேயே ஒரு குட்டி நிரல், யாராலும் அழிக்க முடியாதபடி பதிந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் அது கார்டின் முதல் பகுதியைத் தேடிப் போய் அங்குள்ள ஒரு கோப்பை எடுக்கும், அந்தக் கோப்பு அடுத்ததை எழுப்பும், கடைசியில் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடத் தொடங்கும். ஆகவே பிள்ளைகள் கார்டில் எதை அழித்தாலும், எதைத் தாறுமாறாக மாற்றினாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. சிலேட்டைத் துடைத்து எழுதுவது போல, கார்டை அழித்துத் திரும்ப எழுதினால் போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைவதையும், வருகிறவர்களுக்கும் முன்போல நிரல் எழுதிய பழக்கம் இல்லாததையும் பார்த்துத்தான் எபன் அப்டனும் அவர் கூட்டாளிகளும் இந்தப் போர்டைச் செய்யக் கிளம்பினார்கள். முதல் போர்டு 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிள்ளைகள் தொட்டால் நாம் பதறுகிறோம். இதைத் தாராளமாகத் தொடவிடலாம். உன் ஊர் நூலகத்தில் வைக்கப் போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அதனால்தான்.

அதனால் கார்டை இரண்டாக வாங்கு. 32 ஜிபி போதும். மேலே ‘ஏ1’ என்று அச்சிட்டிருக்கிறதா பார். சின்னச் சின்னக் கோப்புகளை வேகமாகப் படித்து எழுதும் என்பதற்கு அது அடையாளம். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வேண்டியது அதுதான். விலை மிகவும் மலிவாக இருந்தால் சந்தேகப்படு. 8 ஜிபி சிப்பை உள்ளே வைத்து 64 ஜிபி என்று காட்டுகிற போலிகள் சந்தையில் நிறைய. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார்டில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுகிற சாஃப்ட்வேர், எழுதி முடித்ததும் சரிபார்க்கும்தான், ஆனால் அது எழுதிய அளவுக்கு மட்டுமே பார்க்கும். போலிக் கார்டு அதில் தேறிவிடும். பிறகு கோப்புகள் நிரம்ப நிரம்பத்தான் சாயம் வெளுக்கும். ஆகவே வாங்கியதும் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச நிரலால் கார்டை முழுக்க நிரப்பிச் சோதித்துவிடு. நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் எழுதும் வேலை. அதற்கான சாஃப்ட்வேர்தான் ‘ராஸ்பெர்ரி பை இமேஜர்’, அதை உன் லேப்டாப்பில் இறக்கிக்கொள். தொடங்கும் முன் லேப்டாப்பில் செருகியிருக்கும் பென் டிரைவ், கல்யாணப் போட்டோ வைத்திருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடு. எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறாயோ அது சுத்தமாக அழிக்கப்படும், திரும்பக் கேட்டாலும் கிடைக்காது. உன் போர்டில் ஒரு ஜிபி ரேம்தான், அதனால் 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பைத் தேர்ந்தெடு. அடுத்து அமைப்புகளைக் கேட்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நீயே வைக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக இருந்த பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். வைஃபைக்கு நாடு இந்தியா, நேரத்துக்கு ஏசியா/கொல்கத்தா. கீபோர்டு அமெரிக்க வகையாக இருக்கட்டும். இங்கிலாந்து வகை இருந்தால் ‘அட்’ குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். பாஸ்வேர்டில் ‘அட்’ வைத்திருக்கிறவர் சரியாகவே தட்டினாலும் உள்ளே விடாது, காரணமும் புரியாது.

எழுதி முடித்த கார்டை மறுபடி லேப்டாப்பில் செருகினால், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கக்கூடும். கேன்சல் அழுத்து. கார்டில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது விண்டோஸுக்குத் தெரியும், லினக்ஸ் இருக்கும் இரண்டாவதைப் படிக்க அதற்குத் தெரியாது, அதனால்தான் அப்படிக் கேட்கிறது.

முதல் தடவை போர்டில் போடும்போது உடனே ஒன்றும் வராது. பச்சை விளக்கு விட்டுவிட்டு மினுக்கும், தானாக ஒருமுறை அணைந்து திரும்ப வரும். கார்டின் மீதி இடத்தையும் தனக்கென்று விரித்துக்கொள்கிற நேரம் அது, அப்போது பிளக்கைப் பிடுங்காதே. போன் சார்ஜர் வேண்டாம், 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தருகிற அடாப்டர் வேண்டும். திரையில் மின்னல் குறி வந்தால் கரண்ட் போதவில்லை என்று அர்த்தம். கார்டில் கோப்புகள் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதுதான் எனக்குக் கவலை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு குழம்பும். ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிடு. மெனுவில் போய் ஷட்டவுன் செய்து, பச்சை விளக்கு நின்ற பிறகே பிளக்கை எடுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கு. இன்னொன்று, இதில் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாத நாளில் தேதி பின்தங்கி நிற்கும், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

தமிழ் எழுத்துருவும், 1999-இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையும் நெட் வழியாகவே சேர்த்துக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற நிரலையும் போட்டுவிடு. தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக இறங்கும், பிறகு நெட்டே இல்லாமல் பிள்ளைகள் படிக்கலாம். எல்லாம் சரியாக அமைந்ததும், துணைக்கருவிகள் மெனுவில் ‘எஸ்டி கார்டு காப்பியர்’ இருக்கும், யுஎஸ்பி கார்டு ரீடரில் இரண்டாவது கார்டைப் போட்டு அப்படியே நகலெடு. நகலை உன் பீரோவில் வை. நூலகத்தில் இருப்பதைப் பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போது கார்டு ரீடர் ஒன்று என்னிடம் இருப்பதைக் கொண்டுவருகிறேன், அதற்கென்று நீ வாங்காதே. நூலக டிவியில் எச்டிஎம்ஐ பொந்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது. இல்லையென்றால் அதற்குத் தகுந்த கன்வெர்ட்டரும் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்