ஸ்ரான்லி வீதியில் உதவிய அண்ணைக்கு நன்றி

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடையில், கார் விற்ற நிறுவனம் எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதத்தை வாங்கி வாசித்த அண்ணைக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏ9 வீதியில் பளை தாண்டி ஓடிக்கொண்டிருந்த கார் சடசடவென்ற சத்தத்தோடு நின்றுபோனது. எஞ்சின் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலியான டைமிங் செயின் நழுவிவிட்டது என்றார்கள். வொரண்டிக் காலம் முடியவில்லை. ஆனாலும் விற்ற நிறுவனம் 'பராமரிப்புக் குறைபாடு' என்று ஒரே வரியில் கைவிரித்தது. ஒழுங்காகச் சேர்விஸ் செய்த காருக்கு இப்படி எழுதினால் வயிறு எரியாதா?

அண்ணை பொறுமையாக விளக்கினார். செயினை இறுக்கும் டென்ஷனர் ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஒயில் மாற்றாமல் ஓடியிருந்தால் வால்வு மூடிக்குக் கீழே கறுப்புக் கசடு படிந்திருக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் கீறல் விழுந்திருக்கும். "தம்பி, மூடியைக் கழற்றேக்க பக்கத்தில நிண்டு படம் எடுங்கோ. பழைய டென்ஷனரை விட்டுட்டு வராதேங்கோ" என்றார். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கவும் சொன்னார்.

திறந்தபோது கசடே இல்லை. கேம் தண்டு வழவழவென்று மின்னியது. படங்களையும், கிலோமீற்றர் வாரியாக அடுக்கிய சேர்விஸ் பில்களையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதினேன். பிரதி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அங்கே முறையிடலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் நிறுவனமே அழைத்துத் திருத்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

அண்ணை, உங்கள் அலுவலை விட்டுவிட்டு முன்பின் தெரியாத எனக்காக நின்றீர்கள். மனமார்ந்த நன்றி. எங்கிருந்தாலும் நல்லாயிருங்கோ.